செயப்பாட்டுவினை (ஆங்கில இலக்கணம்)

ஆங்கிலச் செய்வினை வாக்கியத்தில் செயப்படுபொருளாக நின்றது செயப்பாட்டுவினையில் எழுவாயாகிறது. காலத்துக்கேற்ற ‘பி’ வடிவத்துடன் வினையின் மூன்றாம் வடிவம் சேர்கிறது. பயிற்சிநூல்கள் இதை வாய்பாடாக்கி, ஒவ்வொரு வாக்கியத்தின் ஈற்றிலும் ‘பை’ ஒட்டவைப்பது மாணவருக்குச் செய்யும் அநீதி. ‘தி போலீஸ் அரெஸ்டட் ஹிம்’ என்பதை ‘ஹீ வாஸ் அரெஸ்டட்’ என்றாலே போதும். கைது செய்தவர் யாரென்பது சொல்லாமலே விளங்கும். எதை முன்னிறுத்துகிறோம் என்பதே இம்மாற்றத்தின் உயிர். செயப்பாட்டுவினை பொறுப்பை மறைக்கிறது என்பார்கள். ‘மிஸ்டேக்ஸ் வேர் மேட்’ போன்ற அறிக்கைகளில் அது உண்மையே. செய்வினை போதுமான இடத்தில் செயப்பாட்டுவினையைத் தவிர்க்குமாறு எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் 1946இல் ஒரு கட்டுரையில் அறிவுறுத்தினார். ஆனால் அவருடைய அக்கட்டுரையிலேயே இது பலமுறை வருகிறது. திருடன் யாரெனத் தெரியாதபோது ‘மை பைக் வாஸ் ஸ்டோலன்’ என்பதைவிட நேர்மையான வாக்கியம் ஏது? ஆனால் எல்லா வினைகளும் செயப்பாட்டுவினையாவதில்லை: ‘ஸ்லீப்’ போன்ற செயப்படுபொருள் குன்றிய வினைகள் இப்படி மாறா. செயப்படுபொருள் ஏற்கும் ‘ரிசெம்பிள்’கூட மாறாது.