நீதிப்பேராணை

நீதிப்பேராணை என்பது அரசோ அரசு அதிகாரியோ ஒருவரின் உரிமையை மீறும்போது, அதனைத் தடுக்கவோ சரிசெய்யவோ உயர்நிலை நீதிமன்றங்கள் பிறப்பிக்கும் ஆணை ஆகும். இந்திய அரசியலமைப்பின் 32-ஆம் உறுப்பு உச்ச நீதிமன்றத்திற்கும், 226-ஆம் உறுப்பு உயர் நீதிமன்றங்களுக்கும் இவ்வதிகாரத்தை வழங்குகின்றன. உச்ச நீதிமன்றம் அடிப்படை உரிமைகளுக்காக மட்டுமே 32-இன் கீழ்ப் பேராணை வழங்கும். உயர் நீதிமன்றம் பிற சட்ட உரிமைகளுக்காகவும் வழங்கலாம். ஆட்கொணர்வு, கட்டளையுறுத்தும், தடையுறுத்தும், ஆவணக் கேட்பு, தகுதிமுறை வினவும் பேராணைகள் என இவை ஐந்து வகைப்படும்.

வரலாறு

1950-க்கு முன்னர் சென்னை உயர் நீதிமன்றத்தின் பேராணை அதிகாரம் பெரும்பாலும் நகர எல்லையுடன் நின்றுவிட்டது. பர்லாக்கிமிடி ஜமீன் குடியானவர்கள் வழக்கில் (1943), வருவாய் வாரியம் சென்னையில் அமைந்திருந்தபோதும், நகருக்கு வெளியேயுள்ள நிலத்தின் குத்தகை குறித்த அதன் ஆணையில் தலையிட இயலாது என இலண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. நகருக்குள் இருந்த இராயபுரத்தாருக்குக் கிட்டிய பரிகாரம், அன்று செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த, சில கல் தொலைவேயுள்ள திருவொற்றியூராருக்கு எளிதில் கிட்டவில்லை எனலாம். 226-ஆம் உறுப்பு இவ்வேறுபாட்டை நீக்கியது.

அதே 1950-இல், 'கிராஸ் ரோட்ஸ்' இதழுக்குச் சென்னை மாகாண அரசு விதித்த தடையை எதிர்த்து ரொமேஷ் தாப்பர் நேரடியாக உச்ச நீதிமன்றத்தை அணுகினார். முதலில் உயர் நீதிமன்றம் சென்றிருக்க வேண்டும் என்ற வாதம் ஏற்கப்படவில்லை. 32-ஆம் உறுப்பே ஓர் அடிப்படை உரிமை என்பதே அதற்குக் காரணம். தடையும் நீக்கப்பட்டது.

சுற்றுச்சூழலும் எண்ணூரும்

மாசற்ற நீரும் காற்றும் 21-ஆம் உறுப்பின் வாழ்வுரிமையில் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1991-இல் சுபாஷ் குமார் வழக்கில் கூறியது. (அவ்வழக்கின் மனு தள்ளுபடியானது என்பது பலரும் கவனிக்காத செய்தி.) பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் குறித்த 1996-ஆம் ஆண்டு வேலூர் வழக்கில், மாசுபடுத்துபவரே இழப்பீட்டை ஏற்க வேண்டும் என்ற கோட்பாடு நிலைபெற்றது. இத்தகைய வழக்குகளைக் கேட்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தனி அமர்வு அமைக்கவும் பணிக்கப்பட்டது.

எண்ணூரில் கொசத்தலையாற்றில் அனல்மின் நிலையச் சாம்பல் கலந்ததற்கு எதிராக மீனவர் தரப்பு தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தை நாடியது. 2022-இல் அதன் தென்மண்டல அமர்வு மாநில அரசின் மின் கழகத்தைப் பொறுப்பாக்கியது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது மணலித் தொழிற்பகுதியிலிருந்து எண்ணெய் பரவியபோது, தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது.

தீர்ப்புப் பெறுவதைவிட அதனை நிறைவேற்றச் செய்வதே கடினம். நீதிமன்றங்கள் வழக்கை முடிக்காமல் வைத்து, குறித்த காலத்தில் அறிக்கை கேட்பதுண்டு. பணியாத அதிகாரி மீது 215-ஆம் உறுப்பின்படி உயர் நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கை எடுக்கலாம். 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான பசுமைத் தீர்ப்பாயம் பேராணை வழங்க இயலாது. அதன் ஆணைகள் உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணை போல நிறைவேற்றப்படும். தீர்ப்பாயம் இருப்பதால் 226-ஆம் உறுப்பின் வழி அடைபடுவதில்லை என உச்ச நீதிமன்றம் 2022-இல் தெளிவுபடுத்தியது.