எறும்பெனத் தோன்றும் குளவி

ஐரோப்பாவின் மணற்பாங்கான நிலங்களில் மெதோகா என்னும் சிறு குளவி வாழ்கிறது. பெண்ணுக்குச் சிறகில்லை, மண்மேல் ஓடுங்கால் எறும்பென்றே தோன்றும். ஆயினும் எறும்பைப் போலக் கூடி வாழாது, தனித்தே திரியும். ஆணுக்கோ சிறகுண்டு, தோற்றமும் வேறு.

பிரெஞ்சு அறிஞர் லத்ரெய் 1796-இல் ஆணுக்குத் தெங்கிரா என்றும், 1804-இல் பெண்ணுக்கு மெதோகா என்றும் பேரினப் பெயர்கள் சூட்டினார். கணவனும் மனைவியும் ஏட்டில் இரு குலத்தவராயினர்! உருவம் ஒன்றையே கொண்டு பெயரிட்டதன் விளைவு இது.

அதன் வாழ்க்கை முறை வெளிப்பட மேலும் நூறாண்டு ஆயிற்று. அதன் இரை புலிவண்டின் புழுவே என்று சுவீடன் நாட்டு அட்லெர்ஸ் 1903-இல் எழுதினார். பிலிப்பைன்ஸ் தீவுகளில் வாழும் மற்றொரு மெதோகாவைப் பற்றி வில்லியம்ஸ் 1919-இல் எழுதினார்.

புலிவண்டுப் புழு மண்ணில் செங்குத்தாகத் துளையிட்டு, வாயிலில் தலைவைத்துக் காத்திருக்கும். அவ்வழி வரும் எறும்பு முதலியவற்றைக் கவ்வும். மெதோகா தானே சென்று அத்தாடைகளில் அகப்படுகிறது. மெலிந்த அதன் உடல் அவற்றிடையே நசுங்குவதில்லை. அந்நொடியே வளைந்து புழுவின் கழுத்தடியில் கொட்டுகிறது. புழு செயலற்றுக் கிடக்க, அதன்மேல் ஒரு முட்டையிட்டுத் துளையை மண்ணால் தூர்த்துவிடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சுக்கு அப்புழுவே உணவு.

குளவி கொட்டக் கொட்டப் புழுவும் குளவியாகும் என்பர் நம்மவர். புழு குளவியாவதில்லை, குளவிக்கு இரையாகிறது. துளையருகே பொறுமையுடன் அமர்ந்தவர்க்கே இவ்வுண்மை புலப்பட்டது. மெதோகா இனத்தில் இன்னும் எவரும் அருகமர்ந்து நோக்காத வகைகள் பல உள. இளைஞர்காள், அவை உங்களுக்காகக் காத்திருக்கின்றன.