ஜூக்பாக்ஸ் தேர்வுப் பொறி

காசு போட்டவர் அழுத்திய பொத்தானுக்குரிய இசைத்தட்டைப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் பல தட்டுகளிலிருந்து தேடி எடுத்து, முள்ளுக்கு நேரே கொண்டுவந்து ஒலிக்கவிட்டு, பாட்டு முடிந்ததும் பழைய இடத்திலேயே திரும்ப வைக்கும் அமைப்பே தேர்வுப் பொறி. வண்ண விளக்கும் வளைந்த கண்ணாடியும் கண்ணைக் கவரலாம். ஒலிபெருக்கி காதைக் கவரலாம். ஆனால் ஒரு சாதாரண கிராமபோனிலிருந்து ஜூக்பாக்ஸை வேறுபடுத்துவது இந்தப் பொறி மட்டும்தான். பல ஆண்டு முடங்கிக் கிடந்த பெட்டியைத் திறந்தால் பெரும்பாலும் இதுதான் நின்றிருக்கும். நிற்பதற்குக் காரணமும் பெரும்பாலும் உடைசல் அல்ல. கல்லாக இறுகிய கிரீஸும் கறுத்துப்போன கான்டாக்ட் முனைகளும்தான்.

தோற்றம்

காசு போட்டால் பாடும் முதல் பொறியில் தேர்வு என்பதே இல்லை. 1889 நவம்பர் 23 அன்று சான் பிரான்சிஸ்கோவின் பலே ராயல் மதுக்கடையில் லூயிஸ் கிளாஸ் நிறுவிய பெட்டிக்குள் எடிசன் ஃபோனோகிராஃப் ஒன்றும் மெழுகு உருளை ஒன்றும் இருந்தன. காதில் வைத்துக் கேட்க நான்கு குழாய்கள். குழாய்க்கு ஒன்றாக நான்கு காசுத் துளைகள். ஐந்து சென்ட் நாணயம் போட்டால் அன்று உருளையில் எது இருக்கிறதோ அதைத்தான் கேட்க முடியும். அப்படியும் முதல் ஆறு மாதத்துக்குள் ஆயிரம் டாலருக்கு மேல் வசூலானது.

கேட்பவர் கையில் தேர்வைக் கொடுத்தவர் சிகாகோவின் ஜான் கேபல். 1906இல் வந்த அவருடைய பொறியில் 24 தட்டுகள் இருந்தன. மின்சாரம் கிடையாது. பக்கத்திலிருந்த கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பிரிங் முறுகும், தட்டு மாறும், ஒவ்வொரு பாட்டுக்கும் ஊசியும் தானாக மாறும். போலி நாணயத்தைக் காந்தத்தால் இனங்கண்டு ஒதுக்கும் ஏற்பாடும் அதில் இருந்தது. வால்வு ஒலிபெருக்கி வந்த பிறகே ஜூக்பாக்ஸ் பிறந்தது என்று எழுதுவோர் உண்டு. தேர்வுப் பொறியை வைத்துப் பார்த்தால் அதன் தந்தை கேபல்தான். பின்னால் வந்த எல்லாப் பெட்டிகளும் அவர் தீர்த்துவைத்த கணக்கையே வேறு வேறு வழிகளில் போட்டுப் பார்த்தன.

1927இல் மிச்சிகனின் கிராண்ட் ராப்பிட்ஸைச் சேர்ந்த ஏஎம்ஐ நிறுவனம், பத்துத் தட்டுகளின் இரு பக்கங்களையும் பாடும் மின்பெருக்கிப் பெட்டியைக் கொண்டுவந்தது. 1933இல் ஹோமர் கேப்ஹார்ட், சிம்ப்ளெக்ஸ் என்னும் தட்டு மாற்றியோடு வர்லிட்சர் நிறுவனத்தில் சேர்ந்தார். அந்த அமைப்பு 1946ஆம் ஆண்டின் புகழ்பெற்ற வர்லிட்சர் 1015இலும் தொடர்ந்தது. பால் ஃபுல்லர் வடிவமைத்த 1015, உலகம் முழுவதும் ஜூக்பாக்ஸ் என்றதும் நினைவுக்கு வரும் பெட்டி. ஆனால் அதற்குள் இருந்தது 24 பாட்டு மட்டுமே தரும் பழைய பொறி. தட்டின் ஒரு பக்கத்தை மட்டுமே அதனால் பாட முடிந்தது.

வகைகள்

தேர்வுப் பொறிகளை மூன்றாகப் பிரிப்பது வசதி. முதலாவது தட்டப் பொறி. ஒவ்வொரு இசைத்தட்டும் ஒரு வளையத் தட்டத்தில் படுத்திருக்கும்; தட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். தேர்ந்த தட்டம் வெளியே திரும்ப, கீழிருந்து சுழல்மேடை எழுந்து வளையத்தின் நடுவே புகுந்து இசைத்தட்டைத் தூக்கி முள்ளிடம் கொண்டுபோகும். சிம்ப்ளெக்ஸ் இந்த வகை. இரண்டாவது சுழல்கூடைப் பொறி. தட்டுகள் வட்டமான கூடையில் நிமிர்ந்து நிற்கும். கூடை சுற்றி உரிய இடத்தில் நின்றதும் ஒரு பிடிகரம் தட்டைக் கவ்வி எடுக்கும். டேவிட் ராக்கோலா நிறுவிய ராக்-ஓலாவின் பிற்காலப் பெட்டிகளும் 1960களின் ஏஎம்ஐ பெட்டிகளும் இப்படிப்பட்டவை. பிடிகரத்தின் தேய்மானம், கூடை இரு தட்டுகளுக்கு நடுவே நின்றுவிடுவது ஆகிய இரண்டுமே இவற்றின் பொதுவான கோளாறுகள்.

மூன்றாவது, சீபர்க் நிறுவனத்தின் செலக்ட்-ஓ-மேட்டிக். இதுவரை செய்யப்பட்டவற்றில் மிகச் சிறந்தது இதுவே. 1948இன் இறுதியில் வந்த எம்100ஏ பெட்டியில் 50 தட்டுகள் ஒரே நேர்வரிசையில் நிமிர்ந்து நின்றன. தட்டுகள் இருந்த இடத்திலேயே இருக்கும்; கேரேஜ் எனப்படும் வண்டி தண்டவாளத்தில் வரிசை நெடுக முன்னும் பின்னும் ஓடும். உரிய தட்டுக்கு எதிரே வந்ததும் வண்டி நிற்கும், ஒரு கை தட்டை மேலே தூக்கும், தட்டு நிமிர்ந்த நிலையிலேயே கவ்விப் பிடிக்கப்பட்டுச் சுழலும். எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் முள் படியும். வண்டி ஒரு திசையில் போகும்போது தட்டுகளின் ஒரு பக்கம், திரும்பி வரும்போது மறுபக்கம். மோட்டார் திசை மாறும்போது தட்டு சுழலும் திசையும் மாறுவதால், தட்டைப் புரட்டாமலே நூறு பாட்டுகள் கிடைத்தன.

1949இல் ஆர்சிஏ விக்டர் 45 சுழற்சித் தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மறு ஆண்டே சீபர்க்கின் எம்100பி அந்தச் சிறு தட்டுகளுக்கென வந்தது. ஏ முதல் கே வரை ஐ நீங்கலாகப் பத்து எழுத்துகள், பத்து எண்கள். இரண்டும் சேர்ந்து நூறு. எழுத்துப் பொத்தான் ஒரு கம்பி வரிசையையும் எண் பொத்தான் மற்றொரு கம்பி வரிசையையும் இணைக்க, இரண்டும் குறுக்கிடும் இடத்திலுள்ள காந்தச் சுருள் தனக்குரிய பின்னை இழுத்துவிடும். ஓடிவரும் வண்டியின் நெம்புகோல் அந்தப் பின்னில் தட்டியதும் வண்டி நிற்கும். தட்டு வரிசையே பாடும் வரிசை. காசு போட்ட வரிசை அல்ல. ‘நான்தான் முதலில் காசு போட்டேன்’ என்ற சண்டை அந்தக் காலத்துக் கடைகளில் எழுந்திருந்தால் குற்றம் பொறியின் மீதல்ல.

1955இல் வந்த வி-200இல் பின்களுக்குப் பதிலாக டார்மட் என்னும் நினைவகம் இடம்பெற்றது. சின்னஞ்சிறு ஃபெரைட் வளையங்கள், பாட்டுக்கு ஒன்று. பொத்தானை அழுத்தும்போது பாயும் மின்துடிப்பு வளையத்தை ஒரு திசையில் காந்தமாக்கும். வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது எதிர்த்திசைத் துடிப்பு ஒன்று போகும். வளையம் காந்தமாக்கப்பட்டிருந்தால் அது புரண்டு சிறு மின்னழுத்தம் எழும். அந்தச் சிறு அழுத்தம் 2050 என்னும் தைரட்ரான் வால்வைத் தூண்ட, வால்வு டிரிப் சோலனாய்டை இயக்கும், வண்டி நிற்கும். படித்தவுடனே நினைவு அழிந்துவிடுவதால் தனியாக அழிக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனாலும் பதிவு போகாது. அதே காலத்துப் பெரிய கணினிகளின் நினைவகமும் இதே ஃபெரைட் வளையங்களால் ஆனதுதான். காப்பிக்கடை மூலையில் நின்ற ஒரு பாட்டுப் பெட்டிக்குள் இது இருந்தது என்பதைத் தொழில்நுட்ப வரலாற்றாசிரியர்கள் இன்னும் பெரிதாகச் சொல்லியிருக்க வேண்டும்.

கோளாறு அறிதல்

செலக்ட்-ஓ-மேட்டிக்கைச் சீர்செய்வோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: கோளாறு பொறியிலா, மின்சுற்றிலா? இதை அறிய மீட்டர் தேவையில்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது டிரிப் நெம்புகோலை விரலால் மெல்லத் தட்டிவிட வேண்டும். வண்டி நின்று தட்டு எழுந்து பாடினால் பொறி நலம். கோளாறு தேர்வுச் சுற்றில் இருக்கிறது. தட்டு எழாவிட்டால், அல்லது பாதி எழுந்து நின்றுவிட்டால், வயரையும் வால்வையும் தொடுவதற்கு முன் கிரீஸைப் பார்க்க வேண்டும்.

அறுபது எழுபது ஆண்டுக்கு முந்திய கிரீஸ் மெழுகாகி, பிறகு பிசினாகிவிடும். புது எண்ணெயை அதன்மேல் விடுவது மிகப் பரவலான தவறு. ஒரு வாரம் ஓடும், பிறகு முன்னைவிட மோசமாக இறுகும். நெம்புகோல்களையும் கிளட்சையும் கழற்றி, பழைய கிரீஸை மண்ணெண்ணெய் போன்ற கரைப்பானில் முழுவதும் கழுவி, துடைத்து உலர்த்தி, தயாரிப்பாளரின் கையேடு சொன்ன இடங்களில் மட்டும் சொட்டுக் கணக்கில் எண்ணெய் விட வேண்டும். கிளட்ச் முகப்பில் எண்ணெய் படவே கூடாது. மோட்டாரைத் தாங்கும் ரப்பர் தாங்கிகள் இறுகியிருந்தால் மாற்றிவிட வேண்டும். அவை தாழ்ந்துபோனால் இணைப்புகளின் நேர்க்கோடு கெடும், மோட்டார் இரைச்சலும் பாட்டோடு சேர்ந்து கேட்கும்.

பொறி சரியாகி, வண்டி மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் அடுத்தது கான்டாக்ட். பின் வகைப் பெட்டிகளில், பின்கள் பிசுபிசுத்து வெளியே வராமல் இருக்கும். அல்லது வந்தது உள்ளே போகாமல் அதே பாட்டு திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொன்றையும் துடைப்பதைத் தவிரக் குறுக்குவழி இல்லை. டார்மட் பெட்டிகளில், வண்டியின் அடியில் உரசிச் செல்லும் கான்டாக்ட் கட்டையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். வெள்ளிமுனைகளில் உப்புத்தாளோ அரமோ படக்கூடாது. கெட்டியான காகிதத் துண்டை நடுவில் வைத்து இழுத்தாலே போதும். அதன் பிறகும் நிற்காவிட்டால் 2050 வால்வை மாற்றிப் பார்க்கலாம், பிறகு டிரிப் சோலனாய்டின் சுருள், கடைசியாகக் கெபாசிட்டர்கள். வால்வு தானாகவே தூண்டப்பட்டு, யாரும் கேட்காத தட்டுக்கெல்லாம் வண்டி நின்றால், மின்னொழுக்குள்ள பழைய காகிதக் கெபாசிட்டரைச் சந்தேகிக்க வேண்டும். அவற்றை மொத்தமாக மாற்றிவிடுவதே நல்லது.

கேட்டதற்குப் பக்கத்துத் தட்டு வந்தால் கான்டாக்ட் கட்டை இடம் பிசகியிருக்கிறது. ஒரு பக்கப் பாட்டுகள் மட்டும் வந்தால் மோட்டாரைத் திருப்பும் சுவிட்ச். சில எண்கள் மட்டும் பதிவாகாவிட்டால் கோளாறு பொத்தான் வரிசையில். அந்த எண்களுக்குப் பொதுவான எழுத்தோ இலக்கமோ எது என்று பார்த்தால் எந்த சுவிட்ச் என்பது தெரிந்துவிடும். எல்லாமே பதிவாகாவிட்டால் பொத்தானைப் பிடித்து வைக்கும் லாட்ச் சோலனாய்டிலிருந்து தொடங்கலாம்.

டார்மட்டையே எடுத்துவிட்டு அதனிடத்தில் நவீன மின்னணுப் பலகை வைக்கும் வழக்கம் பரவிவருகிறது. அது தேவையற்றது. அசையும் உறுப்பே இல்லாத அந்த நினைவகம் கெடுவது மிக அரிது; பழி அதன்மேல் விழுவதெல்லாம் சுற்றியுள்ள கெபாசிட்டர்களுக்காக.

சிங்கப்பூரில்

சிங்கப்பூரில் ஜூக்பாக்ஸுக்கு நேர்ந்தது பொறிக்கோளாறு அல்ல. 1949இல் தொடங்கிய ரெடிஃபியூஷன் கம்பிவழி ஒலிபரப்பு காப்பிக்கடைகளை நிறைத்திருந்த காலத்தில், காசு போட்டுப் பாட்டுக் கேட்கும் பெட்டிகளும் இங்கு இருந்தன. 1959இல் பதவியேற்ற மக்கள் செயல் கட்சி அரசு ‘மஞ்சள் கலாசார’ எதிர்ப்பு இயக்கத்தைத் தொடங்கியது. அப்போதைய உள்துறை அமைச்சர் ஓங் பாங் பூன் அதை நடத்தினார். ஆபாச இதழ்களோடும் பின்பால் பொறிகளோடும் ஜூக்பாக்ஸும் தடைக்குள்ளானது. இளையோரை வீண்பொழுதிலிருந்து காக்கும் நோக்கம் புரிந்துகொள்ளக்கூடியதே; ஆனாலும் ஒரு பாட்டுப் பெட்டியை அந்தப் பட்டியலில் சேர்த்தது மிகை.

இங்கே பழைய பெட்டி வைத்திருப்போர் முதலில் எதிர்கொள்வது மின்சாரம். அமெரிக்கப் பெட்டிகள் 117 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானவை. சிங்கப்பூரில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்மாற்றி வைத்தால் வோல்ட் சரியாகும், ஹெர்ட்ஸ் சரியாகாது. மோட்டார் ஆறில் ஐந்து பங்கு வேகத்தில்தான் சுற்றும். 45 சுழற்சித் தட்டு 37.5இல் ஓடும், பாடகர் குரல் தடித்து இழுபடும். இதைத் தேர்வுப் பொறியின் இறுக்கம் என்று நினைத்து மோட்டாரைப் பிரிப்பவர்கள் உண்டு. 50 ஹெர்ட்ஸுக்கான சுழல் உருளையைப் பொருத்துவதே தீர்வு. உள்ளிருக்கும் 60 ஹெர்ட்ஸ் மின்மாற்றியும் இங்கே கூடுதலாகச் சூடேறும். பழைய பெட்டிகளில் நில இணைப்பு இருக்காது. அதைச் சேர்க்காமல் மூடக்கூடாது. பிளக்கைக் கழற்றிய பிறகும் கெபாசிட்டரில் மின்னூட்டம் தங்கியிருக்கும் என்பதையும் மறக்கக்கூடாது.

அடுத்தது ஈரக்காற்று. ஜொகூர் நீரிணையை ஒட்டிய பொங்கோல் போன்ற வட்டாரங்களில் உப்பும் சேர்கிறது. வெள்ளிமுனைகள் சீக்கிரம் கறுக்கும், தண்டவாளத்தில் துரு ஏறும். பெட்டியை மாதத்துக்கு ஒருமுறையேனும் ஓட்டிப் பார்ப்பது எந்த மருந்தையும்விட நல்ல காப்பு. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடுகளில் வைப்போர் எடையையும் கணக்கிட வேண்டும். சில மாடல்கள் 150 கிலோவைத் தாண்டும்.

தமிழ்ப் பாட்டுப் போட விரும்புவோருக்கு இன்னொரு தடை, தட்டின் நடுத்துளை. 45 தட்டு ஜூக்பாக்ஸ்கள் ஒன்றரை அங்குலத் துளையை நம்பியவை. வீட்டு கிராமபோனுக்கென வந்த தமிழ்ப் படப்பாட்டு இபி தட்டுகள் பலவற்றில் துளை சிறியது. பிரிட்டனில் அச்சான தட்டுகளைப்போல நடு வளையத்தைப் பிய்த்தெடுக்க முடியாவிட்டால், மையம் பிசகாமல் துளையைப் பெரிதாக்க வேண்டும். பிசகினால் சுருதி ஆடும். ஒரு பக்கத்தில் இரண்டு பாட்டுள்ள இபிக்குத் தனி விலை வைக்கும் வசதி வி-200இல் இருந்தது.

இப்போது உதிரிப்பொருள்கள் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் வரவழைக்கப்படுகின்றன. கெபாசிட்டர் போன்றவை ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவரில் கிடைக்கும். பழைய ரேடியோவும் தட்டும் விற்ற சுங்கை ரோடு சந்தை 2017 ஜூலை 10 அன்று மூடப்பட்டது.