பக்கத்தின் அடியிலிருந்து கணுவின் இறுதிக்கு: அடிக்குறிப்பின் வரலாறும் தமிழ் மின்பதிப்பும்

ஆய்வுச்சுருக்கம்

கல்வெட்டுப் பதிப்பு, இலக்கியப் பதிப்பு, மென்பொருள் கட்டமைப்புக் கருவிகளின் கையேடு ஆகிய மூன்றிலும் அடிக்குறிப்பு ஆற்றிய பணியை இக்கட்டுரை ஒப்பிடுகிறது. தமிழ் நூல்கள் மின்வடிவம் பெறும்போது பாடவேறுபாட்டுக் குறிப்புகள் விடுபடுவதன் காரணத்தை இவ்வொப்பீட்டின்வழி விளக்க முற்படுகிறது.

திறவுச்சொற்கள்: அடிக்குறிப்பு, பிரதிபேதம், கல்வெட்டுப் பதிப்பு, டெக்ஸ்இன்ஃபோ, மின்பதிப்பு

முன்னுரை

அடிக்குறிப்பு என்னும் சொல் தன் இருப்பிடத்தையே பெயராகக் கொண்டது. அச்சிட்ட தாளுக்கு அடி உண்டு. ஆதலால் குறிப்புக்கும் இடம் உண்டு. கணினித் திரையில் ஓடும் பனுவலுக்கு அத்தகைய அடி இல்லை. அங்குக் குறிப்பு எங்கே நிற்கும் என்னும் வினாவை முதலில் எதிர்கொண்டவர்களுள் மென்பொருள் கையேடுகளை எழுதியோரும் அடங்குவர். அவர்கள் கண்ட விடை தமிழ்ப் பதிப்பாய்வுக்கும் தொடர்புடையது.

வடார்க்காட்டுக் கல்வெட்டுகள்

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு வட்டத்தில் ஜவ்வாது மலையடிவாரத்தில் அமைந்துள்ள ஒடுகத்தூர், முன்னாளில் வடார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அம்மாவட்டத்தின் கல்வெட்டுகள் பல, இ. ஹுல்ட்ஷ் பதிப்பித்த 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' முதல் தொகுதியில் 1890இல் வெளிவந்தன. ஒடுகத்தூருக்கு வடகிழக்கே பாலாற்றங்கரையில் உள்ள விரிஞ்சிபுரமும், மலைத்தொடருக்குக் கிழக்கே போளூரை அடுத்துள்ள திருமலையும் அதில் இடம்பெற்றுள்ளன.

விரிஞ்சிபுரக் கல்வெட்டுகளுள் ஒன்று சகம் 1347ஐ, அதாவது கி.பி. 1425ஐச் சேர்ந்தது. படைவீட்டு இராச்சியத்துப் பிராமணர்கள், பெண்ணுக்காகப் பொன் கொடுப்பதையும் பெறுவதையும் விலக்கிக் கன்னியாதானமாகவே மணம் நிகழ வேண்டுமெனச் செய்துகொண்ட உடன்படிக்கை அது. இத்தகைய ஆவணத்தில் எழுத்துப்பிழை காணப்படினும் பதிப்பாசிரியர் அதனை மூலத்துக்குள்ளேயே திருத்திவிட இயலாது. திருத்தினால் கல்லில் உள்ளது எது, பதிப்பாசிரியர் கருத்து எது என்பது தெரியாமற்போகும். ஆகவே, கல்லில் உள்ளதை மேலேயும், அதனை எவ்வாறு படிக்க வேண்டும் என்பதைக் கீழேயும் தரும் முறையை அத்தொகுதி கைக்கொண்டது. இங்கு அடிக்குறிப்பு சான்றுக்கும் ஊகத்துக்கும் இடையிலான எல்லைக்கோடாக அமைகிறது.

உ.வே.சாமிநாதையரின் பதிப்புகள்

இதே காலப்பகுதியில் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் அடிக்குறிப்பின் பயனை மேலும் விரித்தார். 1894இல் வெளிவந்த அவருடைய புறநானூற்றுப் பதிப்பில் பிரதிபேதங்களும் ஒப்புமைப் பகுதிகளும் அடிக்குறிப்புகளாகத் தரப்பட்டன. 'பி-ம்.' என்னும் சுருக்கக்குறி பின்னர்த் தமிழ்ப் பதிப்புகளில் நன்கு அறிமுகமான ஒன்றாயிற்று. கல்வெட்டுக்கு மூலம் ஒன்றே, சுவடிகளோ பல. அவற்றுள் ஒரு பாடத்தைத் தேர்ந்து மேலே வைக்கும்போது, தேராத பாடம் கீழே காக்கப்படுகிறது. பதிப்பாசிரியரின் முடிவைப் பிற்கால ஆய்வாளர் மறுத்துரைப்பதற்கான வாய்ப்பு அங்கேதான் உள்ளது.

கட்டமைப்புக் கருவியின் கையேடு

நிரலாளர் எழுதிய மூலக்கோப்புகளிலிருந்து இயங்கும் மென்பொருளை உருவாக்கித் தருவது கட்டமைப்புக் கருவி. 1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய 'மேக்' இவ்வகையில் முன்னோடியானது. மூலக்கோப்பு புதுப்பிக்கப்பட்டிருந்தால் மட்டும் அதனைச் சார்ந்த விளைகோப்பை மீண்டும் உருவாக்குவது அதன் அடிப்படை நெறி. குனு திட்டம் தனக்கென எழுதிக்கொண்ட 'மேக்' கருவியின் கையேடு, டெக்ஸ்இன்ஃபோ என்னும் குறியீட்டு மொழியில் அமைந்தது. ஒரே மூலக்கோப்பிலிருந்து அச்சுநூலையும் திரையில் படிக்கும் இன்ஃபோ வடிவத்தையும் பெறுவதே இம்மொழியின் நோக்கம்.

டெக்ஸ்இன்ஃபோவில் ஆசிரியர் குறிப்பை அது தொடர்புறும் சொல்லை ஒட்டியே எழுதுகிறார். அச்சுவடிவில் அது பக்கத்தின் அடியில் நிற்கிறது. இன்ஃபோ வடிவத்தில் பக்கம் இல்லை. 'கணு' எனப்படும் சிறுபகுதிகளே உள்ளன. அங்குக் குறிப்பு கணுவின் இறுதியில் வரலாம், அல்லது தனிக் கணுவாகப் பிரிந்து நிற்கலாம். இவ்வடிவங்களை உருவாக்கும் கட்டளைகளும் குனு நெறிப்படி 'மேக்' வழியாகவே இடப்படுகின்றன. ஆக, கருவியின் கையேட்டில் குறிப்பு நிற்கும் இடம், அக்கருவிக்கு இடப்படும் கட்டளையைப் பொறுத்து அமைகிறது.

எனினும் டெக்ஸ்இன்ஃபோவின் கையேடு அடிக்குறிப்பைப் பரிந்துரைக்கவில்லை. அது கவனத்தைச் சிதறச் செய்யும் என்றும், இயன்றவரை தவிர்ப்பது நன்று என்றும் அறிவுறுத்துகிறது. இதற்குக் காரணம் உண்டு. கையேட்டைப் படிப்பவர் ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கிறார். அவருக்கு இன்றியமையாத எச்சரிக்கை குறிப்பில் ஒதுங்கினால் கண்ணில் படாமற்போகலாம்; இன்றியமையாதது அன்றெனில் அக்குறிப்பே வேண்டுவதில்லை. 2004இல் வெளிவந்த மார்க்டவுன் எளிய குறியீட்டு முறையின் முதல் வடிவிலும் அடிக்குறிப்புக்கு இடமில்லை.

மின்பதிப்பில் நேர்ந்த இழப்பு

1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் உள்ளிட்ட முயற்சிகள் தமிழ் நூல்களை உலகெங்கும் கொண்டுசேர்த்தன. அவற்றின் பணி அளப்பரியது. ஆயினும் தொடக்ககால மின்னூல்கள் பலவற்றில் மூலப்பாடம் மட்டுமே இடம்பெற்றது. எளிய உரைக்கோப்பில் பக்கத்தின் அடி மறைந்தபோது, அங்கிருந்த பிரதிபேதமும் உடன் மறைந்தது. அத்தகைய கோப்பைக் கொண்டு சொல்லடைவோ புள்ளியியல் ஆய்வோ செய்பவர், பல பாடங்களுள் ஒன்றையே ஐயத்துக்கிடமற்ற ஒரே பாடமாகக் கொள்ள நேர்கிறது.

கையேட்டில் அடிக்குறிப்பைத் தவிர்ப்பது தகும். பதிப்பில் தவிர்ப்பது சான்றை அழிப்பதாகும். டெக்ஸ்இன்ஃபோவிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது அதன் அறிவுரை அன்று, அதன் அமைப்பே. குறிப்பை அது சாரும் சொல்லோடு பிணைத்து மூலக்கோப்பில் வைத்துவிட்டால், வெளிவடிவம் எதுவாயினும் அது அழியாது. 1987இல் தொடங்கிய உரைக் குறியாக்க முனைவு (டிஇஐ), கொண்ட பாடத்தையும் வேறு பாடங்களையும் ஓரிடத்திலேயே குறிக்கும் முறையை வகுத்துள்ளது. சங்க இலக்கிய மின்பதிப்புகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்தும்.

முடிவுரை

விரிஞ்சிபுரக் கல்வெட்டின் பதிப்பிலும் புறநானூற்றுப் பதிப்பிலும் அடிக்குறிப்பு பக்கத்தின் அடியில் நின்றது அச்சுக்கலையின் வசதியால். அதன் பணியோ மூலத்தைத் தொடாமல் மாற்றுக் கருத்தைக் காத்தல். இடம் மறைந்தபோது பணியும் தேவையற்றதெனக் கருதப்பட்டதே மின்பதிப்பில் நேர்ந்த பிழை. இனித் தமிழ் நூலொன்றை மின்வடிவாக்குவோர், மூலப்பாடத்தைத் தட்டச்சு செய்யும்போதே அதன் பிரதிபேதங்களையும் உரிய சொல்லோடு இணைத்துப் பதிவுசெய்வது இன்றியமையாதது.