கிட்னி பிரச்னையா? பாஸ்தாவை விட வேண்டாம்... சாஸை மாத்துங்க!

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். ஆவடி பருத்திப்பட்டுல இருக்கிற என் பெரியப்பா வீடு. கிச்சன்ல ஒயிட் சாஸ் பாஸ்தா ரெடியாகுது, பேத்தி ஸ்பூனோட உட்கார்ந்திருக்கா. பெரியப்பாவுக்கு வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ். ஆவடியில எலெக்ட்ரிக் ட்ரெயின் பிடிச்சு சென்ட்ரல் போய், அங்கேருந்து ஆஸ்பத்திரி. அன்னிக்கு அவர் கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: “எனக்கும் ஒரு கரண்டி வையேன்மா.”

யாரும் பதில் சொல்லல. பெரியம்மா மட்டும், “வேணாங்க, டாக்டர் திட்டுவாரு”ன்னாங்க. அவரும் பேசாம டி.வி பக்கம் திரும்பிட்டார். உங்க வீட்லயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். தரக் கூடாதா, தரலாமான்னு தெரியாமலே ‘வேணாம்’னு சொல்லிடறோம். அவங்க தட்டுல இருந்து ஒவ்வொண்ணா காணாம போகுது.

நேரா பதிலுக்கு வந்துடறேன். பெரும்பாலானவங்களுக்குத் தரலாம். பாஸ்தா அங்க வில்லன் இல்ல, அது மேல ஊத்தற சாஸ்தான்.

வடிச்ச சோறு கணக்கு

கிட்னி சரியா வேலை செய்யாதப்போ சோடியம், பொட்டாசியம், பாஸ்பரஸ் மூணும் ரத்தத்துல தேங்க ஆரம்பிக்கும். சோடியம் கூடினா பி.பி ஏறும், கால் வீங்கும், தாகம் எடுக்கும். பாஸ்பரஸ் கூடினா எலும்பு பலவீனமாகும், உடம்பெல்லாம் அரிக்கும். பொட்டாசியம்தான் ரொம்ப ஆபத்து. அது அளவுக்கு மீறிப் போனா இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

இப்போ பாஸ்தாவைப் பாருங்க. அமெரிக்க வேளாண் துறையோட உணவுப் பட்டியல்படி 100 கிராம் காய்ஞ்ச பாஸ்தால பொட்டாசியம் சுமார் 223 மி.கி. வேக வெச்ச 100 கிராம்ல வெறும் 44 மி.கி. வெந்ததும் எடை ரெண்டு மடங்குக்கு மேல கூடும்தான். அதைக் கழிச்சுப் பார்த்தாலும் பாதிக்கும் மேல பொட்டாசியம் தண்ணியோட போயிடுது. நம்ம பாட்டி சோறு வடிச்ச அதே டெக்னிக். உப்பு போடாம வேக வெச்சா சோடியமும் கிட்டத்தட்ட பூஜ்யம். நிறைய தண்ணியில கொதிக்க விட்டு, வடிச்சு, அந்தத் தண்ணியைக் கொட்டிடுங்க. ‘பாஸ்தா தண்ணியை எடுத்து வெச்சு சாஸ்ல சேருங்க’ன்னு ரீல்ஸ்ல செஃப்கள் சொல்வாங்க இல்லையா, அது இவங்களுக்கு வேண்டாம்.

சாதாரண வெள்ளை பாஸ்தாவே போதும். பாக்கெட்ல ‘டியூரம் வீட் செமோலினா’ன்னு இருக்கும். முழு கோதுமை பாஸ்தா எல்லாருக்கும் நல்லதுன்னு நெனச்சு வாங்குவோம், ஆனா அதுல பாஸ்பரஸும் பொட்டாசியமும் கூடுதல். அதே சமயம் சர்க்கரை நோயும் சேர்ந்து இருந்தா வெள்ளை பாஸ்தாவோட அளவைக் கட்டுப்படுத்தணும். எது முக்கியம்ங்கறதை அவங்க ரத்த ரிப்போர்ட்தான் சொல்லும்.

சாஸ்லதான் சங்கதியே

ரெட் சாஸ்: ஒரு தக்காளியில பெரிசா ஒண்ணும் இல்ல, 100 கிராமுக்கு 237 மி.கி பொட்டாசியம். ஆனா அதையே சுண்டக் காய்ச்சி பேஸ்ட் ஆக்கினா அதே 100 கிராம்ல 1,000 மி.கி. கிட்ட வந்துடும். நாலு தக்காளி, ஒரு ஸ்பூன் பேஸ்ட், மேல கெட்சப்னு நாம செய்யற ‘மசாலா பாஸ்தா’ அதனாலதான் இவங்களுக்கு ஆகாது.

ஒயிட் சாஸ்ல பால், சீஸ் ரெண்டுலயும் பாஸ்பரஸ். ‘பால் வேணாம், முந்திரி அரைச்சு ஊத்தறேன்’னு சிலர் கிளம்புவாங்க. அது இன்னும் மோசம், முந்திரியில பொட்டாசியம், பாஸ்பரஸ் ரெண்டுமே எக்கச்சக்கம். தேங்காய்ப் பாலும் பொட்டாசியத்துல குறைச்சல் இல்ல.

சீஸ் ஸ்லைஸ், இன்ஸ்டன்ட் பாஸ்தா பாக்கெட் வாங்கும்போது பின்பக்கம் திருப்பி சின்ன எழுத்தைப் படிங்க. ஐ.என்.எஸ் 339, 340, 341, 450, 451, 452 இதுல ஏதாவது இருந்தா பாஸ்பேட் சேர்த்திருக்காங்கன்னு அர்த்தம். பருப்புலயும் தானியத்துலயும் இருக்கிற பாஸ்பரஸ்ல ஒரு பகுதியைத்தான் நம்ம உடம்பு எடுத்துக்கும். இப்படிச் சேர்க்கற பாஸ்பேட்டை கிட்டத்தட்ட முழுசா உறிஞ்சிடும். போனை எடுத்து லேபிளை போட்டோ எடுத்து ஜூம் பண்ணிப் பாருங்க, என் கண்ணுக்கே அது தெரியறதில்ல.

சோயா சாஸ் ஒரு டேபிள்ஸ்பூன்லயே 900 மி.கி. அளவுக்கு சோடியம் இருக்கு. இவங்களுக்கு ஒரு நாளைக்கே 2,000 மி.கி.தான் அளவு, அதாவது அஞ்சு கிராம் உப்பு. பீட்சாவோட வர்ற ஓரிகானோ பாக்கெட்டை டப்பால சேர்த்து வெச்சிருப்பீங்களே, ‘சீசனிங்’னு போட்டிருந்தா அதுலயும் உப்பு இருக்கும்.

இதை மட்டும் மறந்துடாதீங்க: ‘லோ சோடியம்’ உப்பு. சோடியத்தைக் குறைக்கறதுக்காக அதுல பொட்டாசியம் குளோரைடு கலப்பாங்க. கிட்னி பிரச்னை இருக்கிறவங்களுக்கு டாக்டர் சொல்லாம அதை வாங்கிக் கொடுக்காதீங்க.

யாருக்கு எவ்வளவு?

கிட்னி டயட்னு ஒரே ஒரு சார்ட் கிடையாது. வாட்ஸ்அப்ல வர்ற லிஸ்ட்டை அப்படியே நம்பறதுல உள்ள சிக்கலே இதுதான். டயாலிசிஸுக்கு வராத நிலையில 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு நாளைக்கு 48 கிராம் புரதம் சுமாரான கணக்கு, சிலருக்கு டாக்டர் அதையும் குறைப்பார். டயாலிசிஸ்ல இருக்கிறவருக்கு நேர் எதிர். ஒவ்வொரு முறையும் புரதம் வெளியே போறதால அதே எடைக்கு 60-லேருந்து 72 கிராம் வரை தேவைப்படும். பொட்டாசியம் நார்மலா இருக்கிறவங்க காய்கறியை வீணா ஒதுக்கவும் வேண்டாம். அதனால கடைசியா எடுத்த ரிப்போர்ட்டோட டாக்டரையோ டயட்டீஷியனையோ ஒரு தடவை கேட்டுடுங்க. தண்ணி அளவு வெச்சிருக்கிறவங்களுக்கு சூப் மாதிரி பாஸ்தா வேண்டாம், அதுவும் தண்ணிக் கணக்குலதான் வரும்.

வீட்ல அப்பா, அம்மாவுக்கு சர்க்கரையோ பி.பி.யோ இருந்து இதுவரை கிட்னி டெஸ்ட் எடுக்கலையா? 2023-ல தமிழக அரசு ஆரம்பிச்ச ‘சிறுநீரகம் காப்போம்’ திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயே யூரின்ல புரதம் போகுதான்னு பார்க்கறாங்க.

பூண்டு பாஸ்தா

இத்தாலியில நேபிள்ஸ் பக்கம் ‘ஆலியோ ஏ ஒலியோ’ன்னு ஒண்ணு உண்டு. பூண்டு, எண்ணெய், காய்ஞ்ச மிளகாய், அவ்வளவுதான் சாஸே. தக்காளி, பால், சீஸ் எதுவும் தேவையில்ல. கிட்டத்தட்ட நம்ம தாளிப்பு!

ரெண்டு பேருக்கு 120 கிராம் பாஸ்தா. ரெண்டு லிட்டர் தண்ணியில உப்பில்லாம வேக வெச்சு வடிங்க. ஒரு கப் முட்டைக்கோஸ், பாதி குடமிளகாய், ஒரு கைப்பிடி பீன்ஸைப் பொடியா நறுக்கி, தனியா நிறைய தண்ணியில அஞ்சு நிமிஷம் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணியையும் கொட்டிடுங்க. பாலக், காளான், ஸ்வீட் கார்ன், உருளைக்கிழங்கு இதுல வேண்டாம்.

கடாயில ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய். ஆலிவ் ஆயில் இல்லைன்னா கடலெண்ணெய் தாராளம். ஆறு பல் பூண்டை மெலிசா சீவிப் போட்டு, தீயை நல்லா குறைச்சு, பொன்னிறம் வரும்வரை பொறுமையா விடுங்க. கருகினா கசக்கும், திரும்ப ஆரம்பிக்க வேண்டியதுதான் (எனக்கு முதல் தடவை அதான் ஆச்சு). ரெண்டு காய்ஞ்ச மிளகாயைக் கிள்ளிப் போட்டு, ஒரு சின்ன வெங்காயம்... சாம்பார் வெங்காயம் இல்ல, பெரிய வெங்காயத்துல சின்னதா ஒண்ணு வதக்கி, காய்கறி, பாஸ்தாவைச் சேர்த்துப் புரட்டுங்க. கால் டீஸ்பூன் உப்பு ரெண்டு பேருக்கும் சேர்த்து. ஆளுக்கு 300 மி.கி. சோடியத்துக்குள்ள முடிஞ்சுடும். உப்பு குறையற இடத்தை மிளகும், கடைசியா பிழியற அரை மூடி எலுமிச்சையும் நிரப்பிடும்.

டயாலிசிஸ்ல இருக்கிறவருக்குன்னா ரெண்டு முட்டை வெள்ளைக்கருவைப் பொரிச்சுக் கலந்துடுங்க. ஏழு கிராம் புரதம் கிடைக்கும், பாஸ்பரஸ் பெரும்பாலும் மஞ்சள் கருவுலதான் இருக்கு.

பெரியப்பா வீட்ல டாக்டர்கிட்ட கேட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கிழமையே இதைப் பண்ணினோம். எல்லாருக்கும் ஒரே கடாய்தான். அவர் பங்கை முதல்ல எடுத்து வெச்சுட்டு, பேத்திக்கு மட்டும் அவ தட்டுல சீஸ் துருவிப் போட்டோம். “கொஞ்சம் காரம் தூக்கலா இருக்கலாம்”னார் பெரியப்பா. இந்த வாரம் மிளகாய் மூணு.