அக்குளுக்கு வாய்த்த பெயர்கள்

மேற்கையும் மார்புச்சுவரும் சேருமிடத்தின் அடியிலுள்ள குழிவை ஏட்டுத்தமிழ் அக்குள் என்றும் கக்கம் என்றும் குறிக்க, பேச்சுவழக்கு அதைக் கமுக்கட்டு என்கிறது. இவற்றுள் கக்கம் என்பது கக்ஷ என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். அதனோடு ஒரே வேரில் பிறந்த கோக்ஸா என்னும் இலத்தீன் சொல் இடுப்பையும், கோஸ் என்னும் ஐரியச் சொல் பாதத்தையும் குறிப்பதைக் காண்கையில், உறுப்புப் பெயர்கள் உடலின்மீது எவ்வளவு தொலைவு நகரக்கூடியவை என்பது விளங்கும். சுசுருத சங்கிதை மார்புக்கும் கக்கத்துக்கும் இடையே கக்ஷதரம் என்னும் வர்மத்தைச் சுட்டி, அங்குக் காயம் பட்டால் பக்கவாதம் நேரும் என்கிறது. உடலின் ஒரு பக்கம் முழுவதும் செயலிழக்கும் என்பது மிகைதான். எனினும் கையை இயக்கும் நரம்புப் பின்னல் அவ்வழியே இறங்குவதால், அக்கூற்று வெறுங்கற்பனையும் அன்று.

இன்றைய உடற்கூற்றியல் வழங்கும் ஆக்ஸில்லா என்ற இலத்தீன் சொல், சிறகையும் அக்குளையும் ஒருங்கே குறித்த ஆலா என்பதன் குறுமை வடிவம். ஆக்ஸில்லாவே காதுக்கு இனிமை வேண்டி ஓர் எழுத்தை இழந்து ஆலா ஆயிற்று என்று சிசரோ தம் 'ஓரேட்டர்' நூலில் கருதினார். மொழிநூலார் இன்று அவ்வரிசையை ஏற்பதில்லை.

குழிவின் பெயர் அதனூடே செல்லும் குழாய்களுக்கும் ஏறியபோதுதான் குழப்பம் மிகுந்தது. கேலன் முதலிய கிரேக்க மருத்துவர்கள் முழங்கையின் உட்புறத்தில் தெரியும் சிரையை, அது மேலே சென்று சேரும் இடத்தை வைத்து அக்குள் சிரை என்றனர். அரபு மருத்துவர்களும் இப்த், அதாவது அக்குள், என்ற சொல்லிலிருந்தே அப்பகுதிச் சிரையொன்றுக்கு இப்தீ என்று பெயரிட்டனர். விலாவலிக்கு இரத்தம் வடிப்பதே மருந்தென்றிருந்த காலத்தில் எந்தக் கையில் வடிப்பது என்பது பெரும் வழக்காக இருந்தது. வலிக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் வடிக்கும் வழக்கத்தைப் பாரிசு மருத்துவர் பியேர் பிரிஸோ மறுத்து, வலியுள்ள பக்கத்திலேயே வடிக்க வேண்டும் என்றார். 1539இல் பாசலில் வெளியான மடலில் உடற்கூற்றியலார் வெசாலியுஸ், விலாக்களுக்குரிய தனிச்சிரை வலப்புறத்திலேயே பெருஞ்சிரையோடு கூடுவதால், வலது முழங்கையின் அக்குள் சிரையையே வெட்ட வேண்டும் என்று வாதிட்டார். அவர் குறித்தது அக்குளுக்குள் ஓடும் சிரையை அன்று. இன்று பசிலிக் சிரை எனப்படும் முழங்கைச் சிரையையே. சிகிச்சை பயனற்றது என்பது பிற்காலம் கண்ட உண்மை. ஆயினும் ஏட்டுச் சான்றை விட்டு, அறுத்துக் கண்ட சிரையின் போக்கைக் கொண்டு வழக்காடியதே அம்மடலின் பெருமை.

பெயர்கள் பெருகிப் பல்லாயிரமான நிலையில், 1895இல் பாசலில் கூடிய உடற்கூற்றியலார் ஓர் உறுப்புக்கு ஒரே பெயர் என்ற நெறியில் பட்டியல் வகுத்தனர். மேற்கை எலும்பின் கழுத்தைச் சுற்றி வளைவதால் ஆங்கில நூல்கள் சுற்று நரம்பு என்றழைத்தது, அப்பட்டியலில் அக்குள் நரம்பு ஆயிற்று. தோள்மூட்டு விலகும்போது அந்நரம்பு நசுங்குவதற்குக் காரணமே அந்த வளைவுதான். அக்குளிலோ அது சிறிது தொலைவே செல்கிறது. பழைய பெயரே பொருத்தமானது என்று கூறத் தோன்றுகிறது. மனிதர் பெயர்களை விலக்கவும் பட்டியல் முயன்றது. ஆனால் மார்பகத் திசு அக்குள் நோக்கி நீளும் பகுதி, எடின்பரோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஸ்பென்ஸின் பெயரால் 'ஸ்பென்ஸின் வால்' என்றே இன்றும் வழங்குகிறது.

தமிழில் இத்துறைக்குச் சொல் தேடியவருள் முதன்மையானவர், யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷனரி சாமுவேல் ஃபிஸ்க் கிறீன். கிரேயின் உடற்கூற்று நூல் அவர் முயற்சியால் 'மனுஷ அங்காதிபாதம்' என்று 1872இல் தமிழில் வந்தது.

ஆயினும் அக்குளைப் பொறுத்தவரை மிகப் பயனுள்ள தமிழ்ச்சொல் எந்தப் பட்டியலிலும் பிறந்ததன்று. விரலில் புண்பட்டால் அக்குளில் 'நெறி கட்டும்' என்று ஊரார் சொல்வது, நிணநீர் சென்று வடியும் கணுக்களின் வீக்கத்தையே. மேலை நூல்கள் இக்கணுக்களை நெடுங்காலம் சுரப்பிகள் என்றே எழுதிவந்தன. அவை சுரப்பிகள் அல்ல என்பதால், 1955இல் பாரிசில் ஏற்கப்பட்ட பட்டியல் கணு என்ற பெயரை நிலைநாட்டியது. அதே ஆண்டில் பெர்க் என்னும் மருத்துவர், மார்பகப் புற்றுநோய் அக்குளில் எவ்வளவு மேலேறியது என்று அளக்க, சிறு மார்புத்தசையை எல்லையாகக் கொண்டு அக்கணுக்களை மூன்று படிகளாகப் பகுத்தார். அறுவைக்கூடத்தில் இன்று வழங்குவன அப்படிகளின் எண்களே. சுரப்பி என்ற சொல்லோ தமிழ் மருத்துவக் குறிப்புகளில் இன்னும் விடைபெறவில்லை. 'நெறி' என்ற சொல்லுக்கு அத்தகைய திருத்தம் தேவைப்படவே இல்லை.