மசக்கைக்கு ஒரு மாத்திரை!

குறிஞ்சிப்பாடிப் பக்கம் புதுசாகக் கல்யாணமான பெண் காலையில் கொல்லைப்புறம் ஓடி 'உவ்வே' என்றால், பெரியம்மா பதறமாட்டார். சிரிப்பார்! மாங்காய்க் கீற்று, நார்த்தங்காய் ஊறுகாய், தட்டிய இஞ்சி... கைவசம் அதுதான்.

மசக்கைக்குப் பழந்தமிழில் 'வயா' என்று பெயர். சூல்கொண்ட பெண்கள் பசும்புளிக்கு ஏங்குவதைக் குறுந்தொகை சொல்கிறது. புறநானூற்றில் குறுங்கோழியூர் கிழார் ஒரு படி மேலே போய், 'உன் நாட்டு மண்ணைக் கர்ப்பிணிகள் ஆசைப்பட்டுத் தின்றால்தான் உண்டு, பகைவரால் முடியாது' என்று சேர மன்னனைப் புகழ்கிறார். (பாட்டுக்குச் சரி. யாரும் மண்ணைத் தின்றுவைக்காதீர்கள்!)

1957-ல் பக்கத்து நெய்வேலியில் நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அதே வருடம் அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் ஒரு மாத்திரை கடைக்கு வந்தது. தாலிடோமைட்! தூக்கத்துக்கு என்று வந்த மருந்து, 'ரொம்ப சாது' என்ற விளம்பரத்தோடு மசக்கைக்கும் கொடுக்கப்பட்டது. பிறகுதான் பயங்கரம். கைகால் வளராத குழந்தைகள், உலகெங்கும் ஏறக்குறைய 10,000 பேர். ஜெர்மனியில் லென்ஸ், ஆஸ்திரேலியாவில் மெக்பிரைடு என்ற இரு டாக்டர்கள் எச்சரித்தார்கள். 1961 நவம்பரில் ஜெர்மனியில் விற்பனை நின்றது. அமெரிக்காவில் அது கடைக்கே வரவில்லை. காரணம், பிரான்சிஸ் கெல்சி என்ற பெண் அதிகாரி. கம்பெனி எத்தனை முறை நச்சரித்தும், 'ஆதாரம் போதாது' என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். பிடிவாதம் என்றால் அப்படி இருக்கவேண்டும்!

சூடுபட்ட உலகம் அடுப்படிப் பக்கம் திரும்பியது. 1980-களில் பெல்ஃபாஸ்ட்டில் டண்டீ என்ற பேராசிரியர், மணிக்கட்டுக்குச் சற்று மேலே உள்பக்கம் ஒரு புள்ளியை அழுத்தி வைத்துப் பார்த்தார். சீனர்களின் பழைய வித்தை. ஓரளவு பலன் தெரிந்தது. டென்மார்க்கில் கடும் வாந்தியால் தவித்த பெண்களுக்குத் தினம் 1 கிராம் இஞ்சிப்பொடியும், வெற்றுப் பொடியும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். 1991-ல் வெளியான முடிவு: 27 பேரில் 19 பேர் இஞ்சி நாட்களே தேவலை என்றார்கள். பெரியம்மா பாஸ்!

ஆனால், தண்ணீர்கூடத் தங்காமல், சிறுநீர் குறைந்து, எடை இறங்கினால் இஞ்சியை நம்பி உட்காரக் கூடாது. அன்றே ஆஸ்பத்திரி, டிரிப்ஸ். இன்று பாதுகாப்பான மருந்துகளும் உண்டு.

'எல்லாம் மனசுதான், குழந்தை பிடிக்காததால் வாந்தி' என்று ஒரு காலத்தில் பெரிய டாக்டர்களே சொன்னதுண்டு. 2023 டிசம்பரில் விஞ்ஞானிகள் முக்கியக் குற்றவாளியைக் காட்டினார்கள். கருவிலிருந்து தாயின் ரத்தத்துக்கு வரும் 'ஜிடிஎஃப்15' என்ற ஹார்மோன். கர்ப்பத்துக்கு முன் அது உடம்பில் குறைவாக இருந்த பெண்களைத்தான் அதிகம் படுத்துகிறதாம்.